மறு: வோர்டெக்ஸ் ஷெட்டிங்: ‘சுழல் உதிர்வு’க்குப் பதில் ‘சுழிக்கழல்வு’

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலோரத்தில் எழுப்பும் கோபுரங்களின் (புகைபோக்கி போன்றவை) வடிவமைப்புப் பாடத்தில், ‘வோர்டெக்ஸ் ஷெட்டிங்’ (vortex shedding) என்பதற்குத் தமிழில் ‘சுழல் உதிர்வு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. பொதுவான பாய்ம இயக்கவியல் (நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தைப் பற்றிய துறை) நூலுக்கு அது சரி. புயலைப் பற்றியும் பேசும் இந்தப் பாடத்தில் அது மாணவரைக் குழப்பும் என்பது என் கருத்து. ‘சுழல்’ என்றதும் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழலும் புயல்தான் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வருவது, காற்று மோதும்போது கோபுரத்தின் இரு பக்கமும் உருவாகும் சிறு சுழிகளை. அவை ஏறத்தாழக் கோபுரத்தின் விட்டமளவே இருக்கும்.

ஆற்றில் தண்ணீர் ஓடும்போது பாலத்தூணைக் கடந்து நீர் போகும் பக்கம் பாருங்கள். இடப்பக்கம் ஒரு சுழி திரண்டு, கழன்று, நீரோடு போகும். அடுத்தது வலப்பக்கம். கோபுரத்திலும் இதேதான். ஒவ்வொரு சுழி கழலும்போதும் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே ஒரு தள்ளு விழுகிறது.

வட்டக் கோபுரத்தில் சுழிகள் கழலும் அதிர்வெண் சுமார் 0.2 × காற்று வேகம் ÷ விட்டம். 5 மீட்டர் விட்டமும் 0.5 ஹெர்ட்ஸ் இயல்பு அதிர்வெண்ணும் (தானாக ஆடும்போது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) உள்ள புகைபோக்கி என்று வைத்துக்கொள்வோம். சுழிகள் கழலும் அதிர்வெண்ணும் இயல்பு அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும்; அப்படி ஒத்துப்போகும் காற்று வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. தான். சென்னைக்கு ஐஎஸ் 875 (கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) மூன்றாம் பகுதி வடிவமைப்புக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகமோ நொடிக்கு 50 மீட்டர். புயலின் உச்ச வீச்சைத் தாங்குகிற கோபுரம், சாதாரண நாளின் சீரான காற்றில் ஆட்டம் கண்டுவிடலாம். மாணவர் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான். 2018இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தது, காற்று நேராகத் தள்ளியதாலும் மரங்கள் விழுந்ததாலும். அந்தக் கணக்கே வேறு.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘உதிர்வு’ இலைபோல் கீழே விழுவதைச் சொல்கிறது. இங்கே எதுவும் விழுவதில்லை. ‘சுழிப்பிரிவு’ நல்ல சொல்தான், ஆனால் காற்றோட்டம் பரப்பைவிட்டு விலகுவதற்கு ‘பிரிவு’ தேவைப்படும். ‘சுழிவிடுப்பு’ படித்தால் லீவு மாதிரி இருக்கிறது. ‘கழல்’ எல்லாருக்கும் தெரிந்த வினை, நட்டு கழன்றது என்று பட்டறையில் தினமும் சொல்கிறோம். கிளைச்சொற்களும் சிக்கலில்லாமல் வருகின்றன: கழல்வு அதிர்வெண், கழல்வு வேகம், கழல்வு ஒத்ததிர்வு. ‘சுழி’ பூச்சியத்தையும் குறிக்குமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘சுழிக்கழல்வு’ என்று சேர்த்து எழுதும்போது யாரும் பூச்சியம் என்று படிக்கமாட்டார்கள்.

அப்புறம் இன்னொரு சொல்: எஃகுப் புகைபோக்கியின் மேல்பகுதியில் திருகலாகச் சுற்றி வைக்கும் பட்டைகள். உயரம் முழுக்கச் சுழிகள் ஒரே தாளத்தில் கழலாமல் குலைப்பதுதான் அவற்றின் வேலை. ‘சுருள்தகடு’ என்று முன்பு எழுதியிருந்தோம்; அது சுருட்டிவைத்த தகட்டையும் குறிக்கும். ஓட்டு வீட்டுக் கூரையில் வரிச்சு அடிக்கிறோமே, அதிலிருந்து ‘திருகுவரிச்சு’ என்று எடுத்துக்கொள்ளலாமா? கட்டுமானத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள், தளத்தில் வேறு பெயர் வழங்கினால் அதையே வைத்துக்கொள்வோம்.