எழுவாய் கடைசியில் வரும் பாடல்கள்: உதவி தேவை

வணக்கம். அடுத்த வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கவிதையில் வாக்கிய அமைப்பு செய்யும் வேலை பற்றிக் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும். குறுந்தொகை 3ஆம் பாட்டை எடுத்திருக்கிறேன்.

"நிலத்தினும் பெரிதே" என்று தொடங்குகிறது. எது பெரிது? சொல்வதில்லை. வானைவிட உயர்ந்தது, நீரைவிட அளக்க முடியாதது என்று போய், மலைச்சாரல், குறிஞ்சிப் பூ, தேன் என்று சுருங்கிவந்து, கடைசிச் சொல்லாகத்தான் "நட்பே" வருகிறது. பயனிலைகள் முன்னே, எழுவாய் பின்னே. "நாடனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது" என்று உரைநடையாக்கினால் தகவல் மிஞ்சும். பாட்டில் பேசும் தலைவியின் வேகம் போய்விடும். (தேர்வு நோட்ஸ்கள் செய்வது இதைத்தான்!)

எதிர் உதாரணமாக 40ஆம் பாட்டு. "யாயும் ஞாயும் யாரா கியரோ" (என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யாரோ) என்று தொடங்கும் மூன்று கேள்விகள் காதலர் இருவரையும் தள்ளியே நிறுத்துகின்றன. "அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்ற கடைசி வினையில்தான் சேர்கிறார்கள்.

நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் (செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைகளில்) 3ஆம் பாட்டு எதில் அடங்கும்? கொண்டுகூட்டு என்கிறார் ஒரு நண்பர். எனக்கு ஒப்பவில்லை, அடிதோறும் சிதறிய சொற்களைத் தேடிக் கூட்டும் தேவை இங்கே இல்லையே.

எழுவாயை இப்படிக் கடைசிவரை ஒளித்துவைக்கும் புதுக்கவிதைகள் தெரிந்தாலும் சொல்லுங்கள். ஹைக்கூ வேண்டாம், நிறையச் சேர்ந்துவிட்டது.