புதுப்பிப்பு: ட்ரோன் கைகளில் மோட்டார் திருகுகளைச் சுற்றி வந்த விரிசலுக்குக் காரணம் தெரிந்தது

ஒருமுறைகூடக் கீழே விழாத ட்ரோனின் கைகளில், மோட்டார் திருகுகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் வருவது ஏன் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

புரொப்பெல்லர்களின் சமநிலை குலைந்து அதிர்வு வருகிறதோ என்று பார்த்தேன்; அதில் குறையில்லை. திருகுகளை மிகையாக இறுக்கியிருக்கலாம் என்ற கருத்து பாதி சரி. முழு விடை, திருகு கழலாமல் இருக்கப் பூசும் நீலப் பசையைச் சந்தேகித்தவரிடமிருந்தே வந்தது. காற்றுப் புகாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால்தான் அந்தப் பசை இறுகும். பிளாஸ்டிக்கின் மேல் வழிந்தது திரவமாகவே தங்கி, திருகின் இறுக்கத்தால் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் பாலிகார்பனேட்டுக்குள் (கைகள் செய்யப்பட்ட பிளாஸ்டிக்) ஊடுருவி அதைப் பிளக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, பசை வழிந்த மூன்று கைகளிலும் விரிசல்கள் துளையிலிருந்து கதிர்போல் பிரிந்திருந்தன. அதே அளவு இறுக்கியும் பசை பூசாத நான்காவது கையில் ஒரு கீறலும் இல்லை.

நான் எதிர்பாராதது ஒன்று: பறக்கவிடாமல் பெட்டியில் வைத்திருந்த இரண்டு வாரங்களிலும் விரிசல்கள் நீண்டன. ஆகவே அதிர்வு இதற்குக் கட்டாயமில்லை.

மூன்று கைகளையும் மாற்றி, பசையின்றி, திருகு நன்கு பதிந்ததும் இறுக்குவதை நிறுத்திவிட்டேன். 40 முறை பறந்த பின்னும் புதிய விரிசல் இல்லை, திருகுகளும் கழலவில்லை.