பாசியின் நச்சு சிப்பிக்குள் வேறொன்றாகிறது

அத்தை: நேற்று இந்தக் குழுவுக்கு வந்த செய்தியில், கடல்நீரில் நச்சுப் பாசி மறைந்துவிட்டால் சிப்பிகளை அச்சமின்றி உண்ணலாம் என்றும், நன்றாகக் கொதிக்க வைத்தால் மிச்சமிருக்கும் நச்சும் போய்விடும் என்றும் எழுதியிருந்தார்கள். கயல், நீ இதைத்தானே ஆய்வு செய்கிறாய்? அது சரிதானா?

கயல்: இரண்டுமே தவறு, அத்தை. தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். தசைகளை முடக்கும் இந்த நச்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. 1987-இல் குவாத்தமாலாவில் மட்டி உண்டவர்களில் 187 பேர் பாதிக்கப்பட்டு, 26 பேர் உயிரிழந்தார்கள். நீர் தெளிந்துவிட்டது என்பதையும் நம்ப முடியாது. அலாஸ்காவின் சாக்சிடோமஸ் மட்டி ஓராண்டுக்கும் மேலாக நச்சைத் தன் நீர்க்குழலில் வைத்திருக்கும். இந்த நச்சுக்குச் சாக்சிடாக்சின் என்ற பெயரே அந்த மட்டியிலிருந்து வந்ததுதான்.

பெரியப்பா: பாசி உண்டாக்கிய நச்சு எந்த மாற்றமும் இல்லாமல் சதையில் தங்கிவிடுகிறது என்றே நான் எண்ணியிருந்தேன்.

கயல்: அப்படித் தங்குவதில்லை, பெரியப்பா. அலெக்சாண்ட்ரியம் போன்ற நுண்பாசிகள் ஒரே ஒரு நச்சைத் தருவதில்லை. சாக்சிடாக்சினின் அதே மூலக்கூறுச் சட்டகத்தில் ஆங்காங்கே சல்பேட், ஹைட்ராக்சில் போன்ற அணுத் தொகுதிகள் மாறி மாறி அமர்ந்த ஒரு நச்சுக் குடும்பத்தையே தருகின்றன. அவற்றைச் சிப்பி தன் உடலுக்குள் மாற்றியமைக்கிறது. போன மாதம் பாசிச் செல்களின் சாற்றையும், அதே பாசியைத் தின்ற மஸ்ஸல் என்ற சிப்பி வகையின் செரிமானச் சுரப்பிச் சாற்றையும், நச்சுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கருவியில் அடுத்தடுத்துச் செலுத்திப் பார்த்தேன். பாசியின் வரைபடத்தில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கோனியாடாக்சின் 4-இன் முகடு ஓங்கி நின்றது, கோனியாடாக்சின் 1 அதன் பக்கத்தில் சிறு மேடாகத்தான் தெரிந்தது. மஸ்ஸலிலோ இரண்டும் இடம் மாறியிருந்தன. ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. 11-ஆம் கார்பனில் இருந்த சல்பேட் மறுபக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

பெரியப்பா: பக்கத்தில் இருக்கும் 12-ஆம் கார்பன் கீட்டோனாக மாறக்கூடியது என்றால், ஈனால் என்ற இடைநிலை வடிவத்தின் வழியாக அந்தச் சல்பேட் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு நொதியே தேவைப்படாதே!

கயல்: மிகச் சரி, பெரியப்பா. காலம் போகப் போக இரு வடிவங்களும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற சமநிலைக்கு வந்துவிடும். ஆகவே ஒரு சிப்பியில் அந்த விகிதத்தைப் பார்த்தாலே, அது நச்சை உண்டு எவ்வளவு நாளாகியிருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். குளுட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மங்கள் செய்வது வேறு வேலை: அவை கோனியாடாக்சின் 2, 3 ஆகியவற்றின் சல்பேட்டை அகற்றி, அவற்றைச் சாக்சிடாக்சினாகவே ஆக்கிவிடுகின்றன. நொதியின் வேலையும் உண்டு. வட அமெரிக்கப் பசிபிக் கரையின் ஒரு சிறு மட்டி, கார்பமாயில் என்ற பக்கக்கிளையையே வெட்டிவிடுகிறது. மஸ்ஸலில் இது பெரும்பாலும் நடப்பதில்லை.

அத்தை: வேதியியல் எனக்கு முழுதாகப் புரியவில்லை, கயல். இப்படி மாறுவதால் நச்சு குறைகிறதா, கூடுகிறதா என்பதை மட்டும் சொல்.

கயல்: கூடவும் செய்யலாம், அத்தை, எனக்குக் கவலை தருவதும் அதுதான். இதே குடும்பத்தின் சி2 என்ற நச்சு பாசியில் ஏராளமாக இருந்தாலும் வீரியம் குறைந்தது. அதன் பக்கக்கிளையில் உள்ள சல்பேட் நீங்கிவிட்டால் அது கோனியாடாக்சின் 3 ஆகிவிடும். சாக்சிடாக்சினின் வீரியத்தை 1 என்று வைத்துக்கொண்டால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த மதிப்பீட்டில் சி2-க்கு 0.1, கோனியாடாக்சின் 3-க்கு 0.6. மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாமலேயே ஆறு மடங்கு! அதனால்தான் ஒரு கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் என்ற பாதுகாப்பு வரம்பை, ஒவ்வொரு நச்சையும் தனித்தனியே அளந்து, சாக்சிடாக்சினுக்கு ஈடாகக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள்.

பெரியப்பா: அப்படியானால் நீரில் உள்ள பாசியை எண்ணுவது எச்சரிக்கைக்கு மட்டுமே உதவும், முடிவைச் சதையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுவும் ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக.

கயல்: ஆமாம், பெரியப்பா. ஒரே நீரில், ஒரே நாளில் எடுத்த மஸ்ஸலும் மட்டியும்கூட ஒரே நச்சுக்கலவையைக் காட்டுவதில்லை.

அத்தை: அந்தச் செய்தி எனக்கு யாரிடமிருந்து வந்ததோ அவரிடமே இப்போது பேசுகிறேன். கொதிக்க வைத்தால் போதும் என்ற வரியை முதலில் நீக்கச் சொல்கிறேன்.