ரசிகர் மன்ற பேனரை வைத்து எம்.ஏ. ஆய்வேடு: எந்தக் கோட்பாடு பொருந்தும்?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். இதழியல் எம்.ஏ. ஆய்வேடு. கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் படம் வெளியாகும் வாரத்தில் வைக்கும் ரசிகர் மன்ற பேனர்கள்தான் பொருள். புகழ் பற்றிய கோட்பாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதச் சொல்கிறார் கைடு. பூர்ஸ்டின், ரோஜெக், ஹார்ட்டன்–வோல், டயர் என்று பட்டியல் நீள்கிறது. ரசிகர்களிடம் அளவுகோல் வைத்துக் கேள்வித்தாள் கொடுக்கலாமா? எத்தனை பேனர் போதும்?

லாஸ்பேட்டை வாசகர்:
முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள். 'பிரபலமாக இருப்பதாலேயே பிரபலம்' என்ற பூர்ஸ்டினின் 1961ஆம் ஆண்டுக் கருத்தை எல்லோரும் முன்னுரையில் போடுகிறார்கள். அது கண்டனம், அதை வைத்து ஒரு பேனரையும் அலச முடியாது. ஹார்ட்டனும் வோலும் 1956இல் பேசியது கேமராவைப் பார்த்து நம்மிடம் நேரில் பேசுவதுபோல் பேசும் தொலைக்காட்சித் தொகுப்பாளரைப் பற்றி. பார்க்கிறவருக்கு நெருக்கம் உண்டு, அந்தப் பக்கத்திலிருந்து பதில் கிடையாது. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது சரி. மன்றம் என்பது ஊர் கூடி நடத்துவது.

உங்களுக்கு உதவுவது திரைப்பட ஆய்வாளர் ரிச்சர்ட் டயர் (1979). நட்சத்திரத்தின் பிம்பத்தை நான்கு வகைப் பிரதிகளிலிருந்து சேர்க்கச் சொல்கிறார்: நிறுவனம் செய்யும் விளம்பரம், பத்திரிகைச் செய்தியாக வெளிவருவது, படங்கள், விமர்சனம். நம் பேனர் இந்த நான்கில் எதிலும் அடங்காது. ரசிகர் தன் கைக்காசில் அடிப்பது அது. அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வு.

தமிழ்நாட்டுப் பக்கம் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி எழுதியதை (1992) விடாதீர்கள். 1967இல் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த படமே தேர்தல் சுவரொட்டி ஆனது, பரங்கிமலையில் வென்றார். அண்ணா தி.மு.க. முதன்முதலில் ஆட்சியில் அமர்ந்தது சென்னையில் அல்ல, 1974 மார்ச்சில் புதுச்சேரியில். புகழ் எப்படி வாக்காகிறது என்று கேட்க உங்கள் ஊரைவிட நல்ல இடம் ஏது?

திருப்பாதிரி:
கேள்வித்தாள் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பிரபலங்கள் மீது ஒருவருக்கு எவ்வளவு ஈடுபாடு என்று அளக்கும் மெக்கட்சன் குழுவின் 2002ஆம் ஆண்டு அளவுகோல் இருக்கிறது. மூன்று நிலை: பொழுதுபோக்கு, தீவிர ஈடுபாடு, நோயின் விளிம்பு. தமிழாக்கிக் கொடுத்தால் எண்கள் கிடைக்கும், கைடும் ஒத்துக்கொள்வார்.

லாஸ்பேட்டை வாசகர்:
தோழர், அந்தக் கேள்விகளை ஒருமுறை படியுங்கள். அபிமான நட்சத்திரம் பயன்படுத்திய காகிதத் தட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவழிப்பீர்களா, அவர் சட்டவிரோதமாக ஒன்றைச் செய்யச் சொன்னால் செய்வீர்களா என்று தனி ஆளின் மனத்தைத் துழாவும் கேள்விகள். 'தலைவருக்காக எதையும் செய்வேன்' என்பது மன்றத்தில் மேடைப் பேச்சு. பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது ஒருவர் 'ஆம்' என்றுதான் குறிப்பார். அதைக் கூட்டிப் போட்டால் மன்றம் முழுவதும் நோயாளிகள் என்று முடிவு வரும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். எனக்கு இதில் சமரசம் இல்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள், பத்துப் பன்னிரண்டு பேர் போதும்.

நெல்லித்தோப்பு பிளெக்ஸ்:
பேனரை எப்படி அளப்பது என்று சொல்கிறேன். வழக்கமான அமைப்பு தெரியும்தானே: நடுவில் நட்சத்திரம், கீழே வரிசையாக பாஸ்போர்ட் அளவு முகங்கள், பணம் கொடுத்தவர் மட்டும் சற்றுப் பெரிதாக, கும்பிட்டபடியோ காதில் செல்போனோடோ. மூலையில் அச்சகத்தின் பெயர், எண்.

ரோட்டிலிருந்து அண்ணாந்து படம் எடுக்காதீர்கள். கீழ்வரிசை கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிதாக விழும். நீங்கள் அளக்கப்போவதே அந்த முகங்களை. எதிர்ச்சாரிக்குப் போய், ஜூம் செய்து, பேனரின் நான்கு ஓரமும் நேராகத் தெரியும்படி எடுங்கள். பிறகு படத்தின் மேல் 10×10 கட்டம் போட்டு, எந்த முகம் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். ஒரே டிசைன் ஐந்து இடத்தில் நின்றால் டிசைன் ஒன்று, பிரதி ஐந்து. இரண்டையும் அட்டவணையில் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

எம்.ஏ.வுக்கு 120 டிசைன் தாராளம். அதில் 24ஐ, பேனரில் யார், என்ன இருக்கிறது என்று இன்னொருவரும் உங்களைக் கேட்காமல் அதே அட்டவணையில் குறிக்கட்டும். எத்தனை சதவீதம் ஒத்துப்போனது என்று மட்டும் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். கிட்டத்தட்ட எல்லா பேனரிலும் நட்சத்திரம் இருக்கும், இருவரும் கண்ணை மூடிக்கொண்டு 'உண்டு' என்று குறித்தாலும் ஒத்துப்போகும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கப்பா என்ற எண்ணைப் போடுங்கள். 0.7க்குக் கீழே வந்தால் ஆளை மாற்றாதீர்கள், குறிக்கும் விதியைத் திருத்தி எழுதுங்கள். பெரும்பாலும் தகராறு வருவது 'பணம் கொடுத்தவர் யார்' என்ற பத்தியில்தான்.

இன்னொன்று, தமிழ் சினிமா ரசிகர்களையும் பேனர் போன்ற அவர்கள் வைக்கும் படங்களையும் பற்றி, புதுச்சேரியில் ஆய்வு செய்து, ரோஸ் கெரிட்சன் 2019இல் முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதைத் தொடாமல் எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி. நட்சத்திரமே இல்லாத காதணி விழா, கண்ணீர் அஞ்சலி பேனர்களை ஒதுக்கிவிடவா?

நெல்லித்தோப்பு பிளெக்ஸ்:
ஒதுக்காதீர்கள். அவற்றில் 40 எடுத்துத் தனிக் கோப்பில் வையுங்கள். ரோஜெக் 2001இல் புகழைப் பிறப்பால் வருவது, சாதித்து வருவது, ஊடகம் ஏற்றிவைப்பது என்று பிரித்தார். நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் நின்று தன் தெருவில் பெயர் வாங்கும் மன்றச் செயலாளரை இந்த மூன்றில் எங்கே வைப்பது? அவர் முகம் காதணி விழா பேனரிலும் அதே அளவில், அதே போஸில் இருந்தால், அந்தப் பெயருக்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை என்று ஆகும். சினிமா பேனரில் மட்டும் பெரிதானால், கடன் வாங்கிய புகழ் என்று வாதாடலாம். இந்த 40 இல்லாமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை.