திருகு ஜாக்கிக் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

அரைவட்டம்:
நெம்புகோல், திருகு இரண்டையும் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெம்புகோலில் சிக்கல் இல்லை. 120 செ.மீ. கம்பிக்கு ஒரு முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளி முட்டுக் கொடுத்தேன். 100-க்கு 20, அதாவது 5 மடங்கு. 50 கிலோவைத் தூக்கக் கிட்டத்தட்ட 10 கிலோ அழுத்தம் போதுமானதாக இருந்தது.

ஜாக்கியில்தான் இடிக்கிறது. மரையின் பிட்ச் (அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே உள்ள தூரம்) 5 மி.மீ., கைப்பிடி 30 செ.மீ. ஒரு சுற்றுக்குக் கை 188 செ.மீ. போகிறது, பாரம் அரை செ.மீ. ஏறுகிறது. 377 மடங்கு! 200 கிலோவுக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இழுத்தால் போதும். ஆனால் சுருள்வில் தராசு இரண்டரை கிலோ காட்டுகிறது. இன்னொன்று: நெம்புகோலை விட்டால் பாரம் தொப்பென்று இறங்குகிறது, ஜாக்கி மட்டும் கையை எடுத்தாலும் அப்படியே நிற்கிறது. ஏன்?

மரைகழண்டவன்:
பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முதலில் அளவுகள். 30 செ.மீ. என்பது திருகின் நடுவிலிருந்தா, கைப்பிடி செருகும் துளையின் விளிம்பிலிருந்தா? தராசைக் கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தீர்களா? அசையத் தொடங்கும் கணத்தில் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

அரைவட்டம்:
நடுவிலிருந்துதான். செங்குத்தாக, சீராகச் சுழலும்போது பார்த்தேன். சதுர மரை, சராசரி விட்டம் 30 மி.மீ., மரையில் கிரீஸ் உண்டு.

சாய்தளம்:
உங்கள் கணக்கு சரி. ஆனால் அது உராய்வே இல்லாத திருகுக்கான கணக்கு. மரை என்பது உருளையில் சுற்றிய சாய்தளம்தானே, அதை விரித்துப் பாருங்கள். 94 மி.மீ. போனால் 5 மி.மீ. ஏற்றம். சரிவு 0.053, ஏறக்குறைய 3 பாகை. இப்படிப் படுத்துக் கிடக்கும் சரிவில் பாரத்தை ஏற்றுவதைவிட உராய்வோடு மல்லுக்கட்டவே அதிக பலம் செலவாகும். உராய்வுக் குணகத்தை (அழுத்தும் பாரத்தில் எத்தனை பங்கு உராய்வாகத் தடுக்கிறது என்ற எண்) 0.12 என்று வைத்தால் (0.053 + 0.12) ÷ 0.053, சுமார் 3.3 மடங்கு. உங்கள் 0.53 கிலோ இப்போதே 1.75 ஆகிவிட்டது.

மிச்சம் முக்கால் கிலோவுக்கு ஜாக்கியின் தலையைப் பாருங்கள். திருகு சுழல்கிறது, பாரம் சுழல்வதில்லை. நடுவில் இருக்கும் தொப்பி 200 கிலோவையும் தாங்கிக்கொண்டு தேய்கிறது. இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். நெம்புகோலில் தேயும் இடம் முட்டு ஒன்றுதான், அதுவும் துளி அசைவு. அதனால் அங்கே கணக்கு இடிக்கவில்லை.

பாரம் இறங்காமல் நிற்பதும் இதே உராய்வால்தான். சரிவைவிட உராய்வுக் குணகம் பெரிதாக இருக்கும்வரை பாரத்தால் திருகைப் பின்னால் சுழற்ற முடியாது. இறக்குவதற்கும் நாம்தான் சுற்ற வேண்டும். இப்படித் தானாக இறங்காத திருகின் பயனுறுதிறன், அதாவது நாம் போடும் உழைப்பில் பாரத்தை ஏற்றப் பயன்படும் பங்கு, 50 சதவீதத்தைத் தாண்டாது. உங்களுடையது 21. ஜாக்கிக்கு அது குறையே இல்லை என்பேன்.

அரைவட்டம்:
தொப்பிக்கு அடியிலும் கிரீஸ் வைத்தேன், இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! சரி, குழாய் செருகிக் கைப்பிடியை 60 செ.மீ. ஆக்கினால்?

மரைகழண்டவன்:
ஒரு கிலோ போதும். கைப்பிடியும் ஒரு நெம்புகோல்தானே. கை போக வேண்டிய தூரம் இரட்டிப்பாகும், உராய்வில் வீணாகும் பங்கு அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: நீளக் கைப்பிடியில் பாரம் மிஞ்சிப் போனது கைக்குத் தெரியாது. மரை நைந்த பிறகுதான் தெரியும்.

அரைவட்டம்:
கிரீஸ் அதிகமாகி வழுக்கி இறங்கிவிடுமா?

சாய்தளம்:
ஒற்றை மரை என்றால் பயமில்லை. குணகம் 0.08-க்கு இறங்கினாலும் 0.053-க்கு மேலேதான். அதிர்வு இருக்கும் இடத்தில் மட்டும் நம்ப வேண்டாம். இரட்டை மரை (இரண்டு மரைகள் பக்கத்துப் பக்கத்தில் சுற்றியது) என்றால் கதை வேறு: அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே அதே 5 மி.மீ.தான் இருக்கும், ஆனால் ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. ஏறும். சரிவு 0.106. அதில் 0.08 பிடித்து நிறுத்தாது. பிட்ச்சை மட்டும் அளந்திருந்தால், பாரம் இல்லாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எவ்வளவு ஏறுகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 10 மி.மீ. வந்தால் 377 என்ற எண்ணும் பாதியாகிவிடும், அப்புறம் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியதுதான்.