வார்டு டைரி, ரிட்டர்ன் கம்ப்ளைண்ட் நோட்டு: செஞ்ச வேலையைத் திரும்பிப் பார்க்கிறது எப்படி?

புது ஸ்டாஃப் நர்ஸ், கடலூர் புதுநகர்:
வார்டில் எல்லாரும் ரிஃப்ளெக்டிவ் டைரி (செஞ்ச வேலையைத் திரும்பிப் பார்த்து எழுதற குறிப்பு) எழுதணும்னு சொல்லியிருக்காங்க. என்ன எழுதறதுன்னே பிடிபடல. "இனி கவனமா இருப்பேன்"னு எழுதினா ஒரே வரியில் முடிஞ்சுடுது. எந்தத் தொழிலா இருந்தாலும் சரி, உருப்படியா எழுதறவங்க எப்படி எழுதறீங்கன்னு சொல்லுங்க.

நர்சிங் டியூட்டர், கோரிமேடு:
"கவனமா இருப்பேன்"ல மறுநாள் டூட்டியில் கை எதை மாத்திச் செய்யணும்னு ஒண்ணுமே இல்லைம்மா. அதான் பிரச்சினை.

நர்சிங்கில் பெரும்பாலும் சொல்லித்தர்றது கிப்ஸ்ங்கிற கல்வியாளர் 1988-ல் வகுத்த ஆறு படி: நடந்தது, அப்போ மனசில் ஓடினது, எது சரி எது சரியில்லை, ஏன், வேற என்ன செய்திருக்கலாம், அடுத்த தடவை என்ன. ஆறுக்கும் சம இடம் கொடுக்க வேண்டாம். பிள்ளைங்க முதல் ரெண்டு படிக்கே ஒரு பக்கம் எழுதிட்டு, "ஏன்" வரும்போது ஒரு வரியில் முடிச்சுடுவாங்க. நடந்ததுக்கு நாலு வரி போதும், "ஏன்"க்கு அரைப் பக்கம் வேணும்.

வயசான நோயாளிக்கு ரெண்டு தடவை குத்தியும் கேனுலா (மருந்து ஏத்த வெயினுக்குள்ள, அதாவது ரத்த நாளத்துக்குள்ள, ஊசியோட செலுத்தற பிளாஸ்டிக் குழாய்) நிக்கலைன்னு வெச்சுக்கோங்க. "வெயின் சரியில்லை"ன்னு எழுதினா யோசனை அங்கேயே நின்னுடும். எந்த கேஜ் (ஊசி அளவு), கையில் எந்த இடம், டூர்னிகே (கையில் இறுக்கிக் கட்டற பட்டை) எவ்வளவு நேரம் கட்டியிருந்தது, ஊசிக்குப் பின்னாடி இருக்கிற சேம்பரில் ரத்தம் தெரிஞ்சுதா இல்லையா, இதையெல்லாம் எழுதுங்க. கடைசிக் கேள்விதான் முக்கியம். ரத்தம் தெரிஞ்சும் குழாய் உள்ளே போகலைன்னா, பல நேரம் ஊசி முனை மட்டும் வெயினுக்குள்ள இருக்கும், பிளாஸ்டிக் குழாயோட வாய் இன்னும் வெளியே நிக்கும். கோணத்தைத் தாழ்த்தி, ரெண்டு மூணு மில்லிமீட்டர் முன்னே கொண்டுபோய், அப்புறம்தான் குழாயைத் தள்ளணும். ரத்தமே தெரியலைன்னா வெயின் உருண்டு விலகியிருக்கலாம். தோலை இழுத்துப் பிடிச்சது போதாம இருந்திருக்கும். ரெண்டும் வேற வேற தப்பு, திருத்தமும் வேற.

வேலை நடக்கும்போதே யோசிக்கிறது, முடிஞ்ச பிறகு யோசிக்கிறதுன்னு டொனால்ட் ஷான்ங்கிற ஆய்வாளர் 1983-ல் பிரிச்சுக் காட்டினார். டைரி எழுதறது முடிஞ்ச பிறகு. ஆனா பலன் தெரியறது அடுத்த நோயாளியோட கையைப் பிடிக்கும்போது. ரத்தம் தெரிஞ்சதும் கை அவசரப்படாம ஒரு கணம் நிக்கும்.

அன்னைக்கே எழுதிடணும். ரெண்டு நாள் போனா மனசு கதையை நமக்குச் சாதகமா மாத்தி வெச்சிருக்கும். நோயாளி பேர், ஐபி நம்பர், கட்டில் நம்பர் எதுவும் வேண்டாம். "அறுபதுகளில் ஒரு அம்மா" போதும்.

ஏசி மெக்கானிக், தேவனாம்பட்டினம்:
மேடம் சொன்னது எங்க லைனுக்கும் பொருந்தும். எங்க ஆளுங்க "வெயின் சரியில்லை"க்குப் பதிலா "காஸ் கம்மி, ஃபில் பண்ணியாச்சு"ன்னு எழுதுவாங்க. காஸ் எரிஞ்சு தீர்ற சாமான் இல்லை. கம்மியானா எங்கேயோ லீக்கு.

ரிட்டர்ன் கம்ப்ளைண்டுக்குன்னு (பார்த்த வேலையே மறுபடி புகாரா வர்றது) தனி நோட்டு போடணும். வேலை பார்த்த தேதி, கம்ப்ளைண்ட் வந்த தேதி, அவுட்டோர் (வீட்டுக்கு வெளியே மாட்டற யூனிட்) கடலைப் பார்த்து இருக்கா, லீக்கு எந்த இடம், அன்னைக்கு எந்தச் சோதனையை விட்டோம். கடைசிக் கட்டத்தைக் காலியா விட்டா அந்த நோட்டால பிரயோஜனமே இல்லை. நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை வெச்சுப் பார்த்தாச்சா, பம்பு வெச்சு பைப்பில இருக்கிற காத்தை உறிஞ்சினப்போ வேக்கம் 500 மைக்ரானுக்குக் (அழுத்தத்தோட அளவு) கீழே இறங்கிச்சா, பம்பை நிறுத்தின பிறகும் முள்ளு ஏறாம நின்னுச்சா, இதெல்லாம் அங்கதான் வரும்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா நோட்டைப் புரட்டுங்க. தனித்தனியாப் பார்த்தா தெரியாதது வரிசையாப் பார்த்தா தெரியும். லீக்கு எல்லாம் ஃப்ளேர் நட்டுலேயே (பைப்போட விரிச்ச முனையை, அதாவது ஃப்ளேரை, இறுக்கிப் பிடிக்கிற நட்டு) இருந்தா அது கைக் கோளாறு: பைப்பை வெட்டிட்டுப் பிசிறு எடுக்கலை, இல்லை ஸ்பேனரால முரட்டு முறுக்கு முறுக்கி ஃப்ளேர் நசுங்கிப்போச்சு. கால் இஞ்ச் நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர் வாக்குல போதும், சரியான அளவு மேனுவல்ல இருக்கும். டார்க் ரென்ச் (முறுக்கற அளவைக் காட்டற ஸ்பேனர்) இல்லாம வெறும் கைப்பழக்கத்துல அது வராது. லீக்கு எல்லாம் காயில்ல (காஸ் ஓடற வளைஞ்ச குழாய்த் தொகுப்பு), அதுவும் சில்வர் பீச் பக்கத்து வீடுகள்லேயே வந்தா, முதல்ல உப்புக்காத்தைத்தான் சந்தேகப்படணும். அங்க மாத்த வேண்டியது வாடிக்கையாளர்கிட்ட பேசற பேச்சை. கோட்டிங் உள்ள காயிலாப் பார்த்து வாங்குங்க, அவுட்டோரை அடிக்கடி நல்ல தண்ணியில கழுவ விடுங்கன்னு மாட்டும்போதே சொல்லிடணும். எது நம்ம தப்பு, எது இல்லைன்னு பிரிக்கத்தான் இந்த நோட்டு.

ஆசிரியை, வில்லியனூர்:
வகுப்புக்கு நோட்டு மட்டும் போதாது. நாம செஞ்சதா நினைக்கிறதும் உண்மையில் செஞ்சதும் ஒத்தே போகாது. ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டு, போனை மேஜையில் வெச்சு பத்து நிமிஷம் குரல் மட்டும் பதிவு பண்ணுங்க. கேட்டு முடிச்சதும் அழிச்சுடுங்க. ரெண்டே விஷயம் எண்ணினா போதும். கேள்வி கேட்டதுக்கும் நாம மறுபடி வாய் திறந்ததுக்கும் நடுவில் எத்தனை வினாடி? பதில் வந்தது எந்த பெஞ்சிலிருந்து?

மேரி பட் ரோங்கிற கல்வி ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளிகளில் அளந்தப்போ ஆசிரியர்கள் சராசரியா ஒரு வினாடிதான் காத்திருந்தாங்க. அதை மூணு வினாடியாக்கினதும் பிள்ளைங்க பதில் நீண்டுச்சு, பதிலே வராம போறதும் குறைஞ்சுது. மூணு வினாடின்னு சொல்றது சுலபம், 40 பிள்ளைங்க முன்னாடி சும்மா நின்னு பாருங்க! சாக்பீஸைக் கீழே வெச்சுட்டுத் திரும்பி நின்னா கொஞ்சம் கைகொடுக்கும்.

வாரத்துக்கு ஒரு பதிவு போதும். தினமும் பதிவு பண்ணினா எதையும் கேக்க மாட்டீங்க. மாற்றமும் ஒண்ணே ஒண்ணுதான். காத்திருக்கிறதையும் பெஞ்சு மாத்திக் கேக்கறதையும் சேர்த்து ஆரம்பிச்சா எதனால பலன்னு தெரியாது.

ஷிஃப்ட் சூப்பர்வைசர், சிப்காட்:
சொந்த நோட்டு வேற, ரிஜிஸ்டர் வேற, குழப்பிக்காதீங்க. வால்வை மாத்தித் திறந்து நூலிழையில் தப்பிச்சது டைரியில் மட்டும் இருந்தா அடுத்த ஷிஃப்ட்காரருக்கு எப்படித் தெரியும்? அது அன்னைக்கே நியர் மிஸ் ரிஜிஸ்டரில் (விபத்து ஆகாம தப்பிச்சதைப் பதியற ஏடு) ஏறணும். இன்னொண்ணு, அதிகாரி படிக்கப்போற டைரியில் எவனும் உண்மை எழுத மாட்டான். டைரியைக் கேக்காம, அதிலிருந்து எடுத்த ஒரு மாற்றத்தை மட்டும் ஒரு வரியில் கேட்டு வாங்கலாம்.

நர்சிங் டியூட்டர், கோரிமேடு:
படிக்கிற பிள்ளைங்க விஷயத்தில் ஒத்துக்க மாட்டேன் சார். யாரும் படிக்கலைன்னா "ஏன்"ங்கிற இடத்தில் மறுகேள்வி கேக்க ஆள் இல்லாம போகும். படிக்கலாம், மார்க் போடக்கூடாது.

புது ஸ்டாஃப் நர்ஸ், கடலூர் புதுநகர்:
டீமா உக்காந்து பேசறதா இருந்தா?

ஷிஃப்ட் சூப்பர்வைசர், சிப்காட்:
அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி முடிஞ்சதும் கேக்கற நாலு கேள்வி போதும்மா. என்ன நடக்கணும்னு இருந்தோம், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன், அடுத்து எதை வெச்சுக்கறது எதை மாத்தறது. 20 நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க. ஜூனியர் முதல்ல பேசணும். சீனியர் வாயைத் திறந்துட்டா மத்தவங்க தலையாட்டறதோட சரி.

தானே (2011), ஃபெஞ்சல் (2024) மாதிரி புயல் அடிச்சு ஓய்ஞ்ச பிறகு கூடினா, "இவ்வளவு பெரிசா வரும்னு எதிர்பார்க்கலை"ன்னு யாராவது ஆரம்பிப்பாங்க. அதை மினிட்ஸில் ஏத்தாதீங்க. ஜெனரேட்டரில் எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருந்தது, டீசல் ரூம் சாவி யார்கிட்ட இருந்தது, மாத்து ஆள் எத்தனை மணிக்கு வந்தார்னு கேளுங்க. ஒவ்வொண்ணுக்கும் பொறுப்புக்கு ஒரு ஆள், முடிக்க ஒரு தேதி. தேதியை செப்டம்பருக்குள்ள வைங்க, அக்டோபரில் மழை பிடிச்சுட்டா அப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது.