இரண்டரை மீட்டர் இறக்கமுள்ள ஓடையில் மின்சாரத்துக்கு நீர்ச்சக்கரம்: எப்படி அமைப்பது?

ஓடைக்கரை:
வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, கோடையிலும் வற்றாத சிற்றோடை ஒன்று ஓடுகிறது. தோட்டத்துக் கொட்டகைக்கு மின் இணைப்பு இல்லை. சோலார் பேனல் வைத்திருக்கிறோம். ஆனால் மழைக்காலத்தில் மேகமூட்டம் நாள்கணக்கில் விலகாதபோது பேட்டரி நிரம்புவதில்லை. 9 வாட் எல்இடி விளக்குகள் நான்கு, மாலையில் 5 மணி நேரம் எரிந்தால் போதும். பழைய சைக்கிள் சக்கரத்தில் தகரத் துடுப்புகளைப் பொருத்தி ஓடும் நீரில் இறக்கிப் பார்த்தேன். வெறுமனே நன்றாகச் சுழன்ற சக்கரம், டைனமோவைச் சேர்த்ததும் நின்றுவிட்டது. சற்று மேலே, பாறையருகே ஓடை இரண்டரை மீட்டர் இறங்குகிறது. எங்கே தவறு செய்தேன்?

பட்டறை:
உங்கள் வேலைப்பாட்டில் குறையில்லை, இடத்தேர்வில்தான் குறை. ஓடும் நீர் துடுப்பைத் தள்ளும் சக்கரத்தைவிட, மேலிருந்து வாளிகளில் நீர் நிறைந்து அதன் எடையால் சுற்றும் சக்கரம் ஏறத்தாழ இரு மடங்கு பயன் தரும் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759-லேயே மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்துக் காட்டினார். ஆகவே அந்தப் பாறையடிக்கே சக்கரத்தைக் கொண்டுசெல்லுங்கள். அதற்கு முன், நீரை முழுவதும் ஒரு குழாயில் திருப்பி, 20 லிட்டர் கேன் எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள்.

ஓடைக்கரை:
இன்று அளந்தேன், ஐயா. 4 நொடியில் நிறைந்தது. சென்ற மார்ச்சில் தொட்டிக்குக் குழாய் போட்டபோது, அதே கேன் நிறைய 7 நொடி ஆனது.

பட்டறை:
மார்ச் மாதக் கணக்கு கையில் இருப்பது நல்லது. மழைக்கால நீரை நம்பிச் சக்கரம் செய்தவர்கள் கோடையில் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். நொடிக்கு வரும் லிட்டரை 9.81-ஆலும், இறங்கும் உயரத்தாலும் பெருக்கினால் நீரிலுள்ள ஆற்றல் வாட்டில் கிடைக்கும். இப்போது நொடிக்கு 5 லிட்டர் வருவதால் அது சுமார் 122 வாட். வீட்டில் செய்த சக்கரம் அதில் 60 விழுக்காட்டை அச்சுக்குக் கொடுத்து, சங்கிலியும் ஜெனரேட்டரும் அதில் மீண்டும் 60 விழுக்காட்டைக் கொடுத்தால் 44 வாட் மிஞ்சும். சிறிய எண்தான், ஆனால் இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் சேரும். மார்ச்சில் 25 வாட்டாகக் குறைந்தாலும் நாளுக்கு 600 வாட்-மணி கிடைக்கும். உங்கள் விளக்குகளுக்கு 180 போதும்.

சக்கரத்தின் விட்டம் 2 மீட்டர் இருக்கட்டும். மேலே நீர் விழ 30 செ.மீ., அடியில் வெளியேறும் நீர் சக்கரத்தைத் தடுக்காதிருக்க 20 செ.மீ. விடுங்கள். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 25 லிட்டர். 24 வாளிகள் வைத்தால் வாளிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். சுழலும்போது சிந்தாமல் இருக்க, ஒவ்வொன்றும் 3 லிட்டர் கொள்ளும்படி செய்யுங்கள்.

மின்கம்பி:
ஜெனரேட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் பழைய கார் ஆல்டர்னேட்டரைத் தேடிப் போகிறார்கள். அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் கேட்கும். போதாததற்கு, தன் காந்தப்புலத்துக்கே உங்கள் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும். நிலைக்காந்தம் கொண்ட, உள்ளே பல்சக்கரம் இல்லாத மின்சைக்கிள் ஹப் மோட்டாரே (சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த மோட்டார்) இங்கு பொருந்தும். பல்சக்கரம் உள்ளவற்றில் பெரும்பாலும் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால், வெளிச்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினால் மோட்டார் சுழலாது. 44 பல்லிலிருந்து 14 பல்லுக்கு இரண்டு கட்டமாகச் சைக்கிள் சங்கிலி போட்டால், 12 சுற்று ஏறத்தாழ 118 ஆகிவிடும். 36 வோல்ட் மோட்டாரானாலும் அந்த வேகத்தில் 12 வோல்ட் பேட்டரியை ஏற்றும் அளவுக்கு அழுத்தம் வரக்கூடும். வாங்கும் முன் கையால் சுழற்றி மீட்டரில் சரிபாருங்கள். மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் மூன்று-ஃபேஸ் ரெக்டிஃபையர் வழியாகப் பேட்டரிக்கு இணைக்க வேண்டும்.

பேட்டரி அளவுக்கு மீறி ஏறாமல் காக்க, சோலாருக்கு வைத்திருக்கும் கண்ட்ரோலரை இதில் மாட்டாதீர்கள். பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். சுமையிழந்த சக்கரம் வேகமெடுத்து, மின்னழுத்தம் ஏறிவிடும். மிஞ்சும் மின்சாரத்தை ஒரு சூடேற்றும் கம்பிக்குத் திருப்பிவிடும் கண்ட்ரோலரே தேவை.

ஓடைக்கரை:
இருவருக்கும் நன்றி. சோலார் கண்ட்ரோலரைத்தான் மாட்ட எண்ணியிருந்தேன். குழாயின் வாயில் இலைகள் அடைப்பதை எப்படித் தடுப்பது?

பட்டறை:
வாயின் முன் கம்பி வலையைச் சாய்வாக வையுங்கள். நீர் உள்ளே விழ, இலைகள் வழுக்கிக் கீழே போய்விடும். தேயிலைச் சருகைவிடச் சில்வர் ஓக் இலைகள்தான் அதிகம் ஒட்டும், ஆகவே முதல் மழையின்போது தினமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.